ஈஸ்ட் ப்ராஜெக்டுக்கு எந்த நொதியைத் தொடுவது?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ எம்.எஸ்சி. படிக்கிறவர்களில் சிலர் ஆண்டுதோறும் கடைசி செமஸ்டருக்கு ஒரே தலைப்போடு வருகிறார்கள்: ஈஸ்டில் ஏதாவது ஒரு நொதியின் வினைமையத்தில் (வினை நடக்கிற இடத்தில்) சடுதிமாற்றம் (மரபணுவில் மாற்றம்) செய்ய வேண்டும், அதனால் வளர்சிதை மாற்றம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பு நல்லதுதான். ஆனால் வந்ததும் கேட்கிற கேள்வி, "சார், எந்த அமினோ அமிலத்த மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

அதை இரண்டாவதாகக் கேட்கலாம். எந்த நொதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த நொதி பாதி பழுதானால் செல்லுக்கு உறைக்குமா? உறைத்தால், நம் ஆய்வகத்தில் இருக்கிற கருவியில் அது தெரியுமா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், எவ்வளவு யோசித்துச் செய்த மாற்றமாக இருந்தாலும் ஆறு மாதமும் வீண்தான்.

மாணவர்கள் வழக்கமாகக் கொண்டு வருகிற நான்கு நொதிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: இன்வர்டேஸ், யூஆர்ஏ3 மரபணுவின் நொதி, டிரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ், ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ். என் ஓட்டு கடைசியதற்கு. ஏன் என்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள்.

மரபணுவை அப்படியே நீக்கிவிட்டுப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஈஸ்டின் சுமார் 6,000 மரபணுக்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய தொகுப்பு 2002-லேயே வந்துவிட்டது. நீக்கினால் புரதமே செல்லில் இருக்காது. வினைமையத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் புரதம் வழக்கம்போல மடிந்து, தன் கூட்டாளிகளோடு சேர்ந்து, இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். வேலை மட்டும் பத்தில் ஒன்றாகவோ ஆயிரத்தில் ஒன்றாகவோ குறையும். அதனால் 'இல்லை', 'மிகக் குறைவு', 'கொஞ்சம் குறைவு', 'இயல்பு' என்று படிப்படியாக ஒரு வரிசை கிடைக்கும். அந்த வரிசையில்தான் இந்தத் தலைப்பின் சுவை இருக்கிறது.

இரண்டாவது விஷயம், 1973-ல் காக்ஸரும் பர்ன்ஸும் கணக்காகவே எழுதிக் காட்டியது. ஒரு வினைத்தொடரில் ஒரு நொதி பாதியாகக் குறைந்தால் தொடரின் ஓட்டமும் பாதியாகும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பாளையங்கால்வாயில் நடுவழி மடை ஒன்றின் பலகையைக் கொஞ்சம் இறக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் குறைந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பலகைக்குப் பின்னால் மட்டம் ஏறி, அதே அளவை உந்தித் தள்ளிவிடும். செல்லிலும் நொதி தளர்ந்தால் அதன் தளப்பொருள் (அது மாற்றுகிற பொருள்) குவியும், குவிந்த அழுத்தத்தில் ஓட்டம் சமாளித்துக்கொள்ளும். கூட்டினாலும் இதே கதைதான். 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிளைகாலிசிஸ் (குளுக்கோஸை உடைக்கிற வினைத்தொடர்) நொதிகளை ஈஸ்டில் பல மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். ஆல்கஹால் உற்பத்தி வேகம் அசையவில்லை. ஆகவே நாம் தேடுவது, சமாளிக்க இடம் குறைவாக உள்ள ஒரு நொதியை, அல்லது சமாளிக்கும்போது வேறு ஏதாவது வெளியே தெரிகிற நொதியை.

தொடங்குகிற ஈஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் விற்கிற பேக்கரி ஈஸ்டில் கை வைக்காதீர்கள். அதில் ஒவ்வொரு மரபணுவும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக இருக்கும். ஒன்றைக் கெடுத்தால் மற்றது மூடி மறைத்துவிடும். நம் ஊரில் இன்னொரு ஆசையும் வரும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் பொங்கிக் கள்ளாகிவிடுகிறதே, அதிலிருந்து நம் ஊர் ஈஸ்டையே பிரித்தெடுத்தால் என்ன என்பது. கள் இறக்கத் தடை உள்ள மாநிலத்தில் அந்தப் பதநீரைச் சேகரிப்பதே தனிச் சோலி. பிரித்தெடுத்தாலும் அதன் மரபணு வரிசையும் படி எண்ணிக்கையும் தெரிந்தால்தான் மேலே வேலை செய்ய முடியும். அது வேறு ப்ராஜெக்ட், நல்ல ப்ராஜெக்ட், ஆனால் இது இல்லை. ஒற்றைப்படி குரோமோசோம் கொண்ட பிஒய்4741 மாதிரியான ஆய்வக ஸ்ட்ரெயினை (ஈஸ்ட் வகையை) வாங்குங்கள்.

இன்வர்டேஸ்

எளிமை என்று பார்த்தால் இதற்கு இணை கிடையாது. சீனியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிற நொதி, மரபணு எஸ்யூசி2. செல் சவ்வுக்கு வெளியே, செல்சுவரை ஒட்டியே இருப்பதால் செல்லை உடைக்காமலே அளக்கலாம். சீனிக் கரைசலில் செல்லைப் போட்டு, சற்று நேரம் விட்டு, உடைந்த சர்க்கரையை நிறத்தால் காட்டுகிற டிஎன்எஸ் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். 540 நானோமீட்டரில் படிக்க ஒரு சாதாரண கலரிமீட்டர் போதும். எந்தக் கல்லூரியிலும் அது இருக்கும்.

வினைமையமும் தெளிவாகத் தெரிந்ததுதான். ரெட்டியும் மேலியும் 1990-ல் ஓர் ஆஸ்பார்டேட்டையும், 1996-ல் ஒரு குளூட்டமேட்டையும் அடையாளம் காட்டினார்கள். சர்க்கரைப் பிணைப்பைத் தாக்குவது முன்னது, அதற்குப் புரோட்டான் கொடுப்பது பின்னது. ஆனால் பிரைமர் (மாற்றத்தை மரபணுவில் புகுத்த உதவுகிற சிறு டிஎன்ஏ துண்டு) ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆஸ்பார்டேட்டுக்கு ஒரு கட்டுரையில் 23, இன்னொன்றில் 22, மரபணு வரிசையில் 42 என்று எண் இருக்கும். புரதம் வெளியேறும்போது முன்னால் உள்ள 19 அமினோ அமிலங்கள் வெட்டப்படுகின்றன. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். எண்ணை நம்பாமல் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்: டிரிப்டோஃபேன், மெத்தியோனின், ஆஸ்பராஜின், ஆஸ்பார்டேட், புரோலின், ஆஸ்பராஜின், கிளைசின். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

இதில் சுவாரசியமான சிக்கல் ஒன்று உண்டு. உடைத்த சர்க்கரையில் ஏறக்குறைய 99 சதவீதம் உடைத்த செல்லுக்குக் கிடைக்காமல் சுற்றிலும் பரவிப் போய்விடுகிறது என்று 2009-ல் ஜெஃப் கோர் குழுவினர் காட்டினார்கள். அப்படியானால் வினைமையம் செத்த ஈஸ்ட் இயல்பான ஈஸ்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அது உழைக்காமலே சாப்பிட்டு வளரும். ஒரே பிளேட்டில் இரண்டையும் அருகருகே கீறினால் வித்தியாசம் மங்கிவிடும். தனித்தனிப் பிளேட், தனித்தனிக் குடுவை அவசியம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டியில் ஊடகம் செய்யலாமே என்று ஒரு மாணவியாவது கேட்பார். உடன்குடிக் கருப்பட்டிக்கு என்ன குறை, ஆனால் இதற்கு வேண்டாம். காய்ச்சும்போதே சுக்ரோஸில் கொஞ்சம் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கும். இன்வர்டேஸே இல்லாத செல்லும் அதைத் தின்று வளர்ந்து நம்மை ஏமாற்றும்.

எனக்கு இதில் உள்ள குறை ஒன்றுதான். நொதி செல்லுக்கு வெளியே வேலை செய்கிறது. அது தளர்ந்தால் உள்ளே சர்க்கரை வரத்துக் குறைகிறது, அவ்வளவே. கிளைகாலிசிஸ் வேறு வழிக்குத் திரும்புவதோ, என்ஏடிஹெச் (செல்லில் எலெக்ட்ரான் சுமக்கிற மூலக்கூறு) தேங்குவதோ இதில் பார்க்கக் கிடைக்காது.

யூஆர்ஏ3

இதை விரைவாகவே கடந்துவிடலாம். செல்லுக்கு வேண்டிய யுராசில் வகைப் பொருளைத் தயாரிக்கிற, ஓரோடிடின் மோனோபாஸ்பேட் டீகார்பாக்சிலேஸ் என்கிற இந்த நொதி, வேகத்துக்குப் பேர்போனது. இது இல்லாமல் அந்த வினை தானாகப் பாதி நடந்து முடிய சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 1995-ல் ராட்ஸிக்காவும் வுல்ஃபென்டனும் கணக்கிட்டார்கள். வினைமையத்தில் உள்ள 93-ஆம் லைசினை எடுத்தால் அத்தனையும் சரியும். சலித்தெடுப்பதும் எளிது: 5-எஃப்ஓஏ கலந்த பிளேட்டில், நொதி வேலை செய்கிற செல் அந்தப் பொருளை நஞ்சாக்கிச் சாகும், கெட்டுப்போன செல் பிழைக்கும். 1984-லிருந்து உலகமெங்கும் பயன்படுகிற உத்தி.

ஆனால் வினைமையம் கெட்டாலும், மரபணு நடுவில் நிறுத்தக் குறியீடு விழுந்தாலும், பாதி மரபணுவே போனாலும் பிளேட்டில் தெரிவது ஒரே மாதிரிக் காலனிதான். செல்லுக்குள் நடப்பதும் சப்பென்றது: யுராசில் கொடுத்தால் வளரும், கொடுக்காவிட்டால் வளராது. போதாக்குறைக்கு பிஒய்4741-இல் இந்த மரபணு ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கிறது; அதை வாங்கி 5-எஃப்ஓஏ-வில் போட்டால் எல்லாமே வளரும். தேர்வு முறையைக் கற்றுக்கொள்ள ஏற்ற நொதி, வளர்சிதை மாற்றத்தைப் பற்றிப் பேச ஏற்றதல்ல.

டிரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ்

அறிவுக்கு விருந்து என்றால் இதுதான். குளுக்கோஸ் பிளந்து வருகிற இரண்டு மூன்று-கார்பன் துண்டுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுகிறது. தளப்பொருள் வந்து மோதுகிற வேகத்துக்கே வேலை செய்வதால் இதற்கு மேல் முன்னேற இடமில்லாத நொதி என்று நோல்ஸும் ஆல்பெரியும் 1970களில் எழுதினார்கள். இதன் 165-ஆம் குளூட்டமேட்டை ஆஸ்பார்டேட்டாக்கினால் பக்கச் சங்கிலியில் ஒரு கார்பன்தான் குறைகிறது. வேகமோ சுமார் ஆயிரத்தில் ஒன்றாகிறது. அமிலத் தொகுதி அதேதான், நிற்கிற இடம் ஒரு மயிரிழை விலகியது. வினைமையம் என்றால் என்ன என்பதை வகுப்பில் விளக்க இதைவிட ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வளர்சிதை மாற்றக் கதை இன்னும் அழகு. ஈஸ்டின் சொந்த மரபணுவை நீக்கி, மனித நொதியை அதன் இடத்தில் வைத்து, 170-ஆம் ஐசோலியூசினை வாலினாக்கிப் பார்த்தார்கள் மார்க்கஸ் ரால்சர் குழுவினர். செயல் சுமார் 30 சதவீதமாகக் குறைந்தது. ஈஸ்ட் நோஞ்சானாகும் என்று நினைப்போம். டயமைடு என்ற ஆக்சிஜனேற்ற நஞ்சைத் தாங்கும் சக்தி அதற்குக் கூடியிருந்தது. கிளைகாலிசிஸ் தளர்ந்ததால் சர்க்கரை பென்டோஸ் பாஸ்பேட் வழி என்ற பக்கவழிக்குத் திரும்பி, ஆக்சிஜனேற்றத்தைத் தாங்க உதவும் என்ஏடிபிஹெச் கூடுதலாகக் கிடைத்ததுதான் காரணம். பிறகு 2011-லும் 2014-லும் அதே குழு, பைருவேட் கைனேஸ் என்ற கிளைகாலிசிஸ் நொதி தளர்ந்தால் குவிகிற பாஸ்போஈனால்பைருவேட் இந்த ஐசோமரேஸின் வேலையைத் தடுக்கிறது என்றும் காட்டியது. செல் தானாகவே செய்துகொள்கிற ஏற்பாட்டைச் சடுதிமாற்றம் செயற்கையாகச் செய்து காட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். இந்த நொதிக் குறைபாட்டு நோய் உள்ள மனிதர்களிடம் அதிகம் காணப்படுகிற மாற்றம் 104-ஆம் குளூட்டமேட்டில் இருக்கிறது. அது வினை வேகத்தைக் கெடுப்பதில்லை. இரண்டு துணையலகுகள் ஒட்டுவதைக் கெடுக்கிறது. 'சடுதிமாற்றம் என்றால் வினைமையம் கெட்டது' என்று எழுதுகிற மாணவருக்கு வைவா வாரியம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனாலும் செய்யச் சொல்ல மாட்டேன். நீக்கப்பட்ட ஸ்ட்ரெயின் குளுக்கோஸ் மட்டும் கொடுத்தால் வளராது, கைப்பக்குவம் வேண்டும். டயமைடு பிளேட் வரை நாம் போய்விடலாம். சர்க்கரை எந்த வழியில் திரும்பியது என்று காட்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். அது இல்லாமல் எழுதினால் அவர்கள் சொன்னதை நாமும் திருப்பிச் சொன்னதாகவே இருக்கும். செமினாருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று: நொதியைக் கெடுக்காமல் மாற்றிய எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஜப்பானின் சாக்கே ஈஸ்டைப் பாருங்கள். கொழுப்பமிலம் கட்டுகிற எஃப்ஏஎஸ்2 நொதியில் 1250-ஆம் கிளைசின் செரினாக மாறிய ஈஸ்ட், செருலெனின் நஞ்சைத் தாங்கும். கூடவே ஆப்பிள் வாசம் தருகிற எத்தில் கேப்ரோயேட்டையும் அதிகமாக உண்டாக்கும். மதுவாலைகள் அதைத் தேடித் தேர்ந்தெடுத்தன. செருலெனின் விலையும் வாசப்பொருளை அளக்க வேண்டிய கேஸ் குரோமட்டோகிராஃபும் நம் கைக்கு எட்டாதவை.

ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ்

இனி என் தேர்வு. ஏடிஹெச்1 மரபணுவின் நொதி, நொதித்தலின் கடைசிப் படியில் அசிட்டால்டிஹைடை எத்தனாலாக்குகிறது. அது ஆல்கஹாலுக்காகச் செய்கிற வேலை என்று தோன்றும். செல்லுக்கு அதில் உள்ள லாபம் வேறு: கிளைகாலிசிஸில் உண்டான என்ஏடிஹெச் இங்கேதான் மறுபடி என்ஏடி ஆகிறது. இந்தப் படி அடைபட்டால் என்ஏடி தீர்ந்து, மேலே கிளைகாலிசிஸே நின்றுவிடும். தப்பிக்கச் செல் கிளிசரால் தயாரிக்கும்; அதிலும் என்ஏடிஹெச் செலவாகும். முதல் உலகப் போரில் ஜெர்மனியில் வெடிமருந்துக்குக் கிளிசரால் தேவைப்பட்டபோது, சல்ஃபைட் போட்டு அசிட்டால்டிஹைடைக் கட்டிவைத்து ஈஸ்டைக் கிளிசரால் பக்கம் திருப்பியது இந்த அடிப்படையில்தான். அவர்கள் தளப்பொருளை மறித்தார்கள். நாம் வினைமையத்தைத் தளர்த்தப் போகிறோம்.

ஆக, சமாளிக்கும்போதே செல் தடயம் விட்டுவிடுகிறது. எத்தனால் குறையும், கிளிசரால் ஏறும். எத்தனாலாகப் போகிற ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கரியமில வாயு வெளியேறும், கிளிசராலாகப் போவதற்கு வெளியேறாது. வாயுவைப் பிடிக்கிற டர்ஹாம் குழாயில் குமிழ் சிறுத்திருப்பது கண்ணுக்கே தெரியும். எத்தனாலை டைகுரோமேட் வைத்துக் கலரிமீட்டரிலேயே அளக்கலாம், ஆரஞ்சு பச்சையாகும். நொதியை மட்டும் தனியாக அளக்க 340 நானோமீட்டர் வேண்டும், அதற்கு யுவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கட்டாயம். அளக்கும்போது எத்தனாலில் தொடங்கிப் பின்னோக்கி அளந்துவிடுங்கள். அசிட்டால்டிஹைட் சுமார் 20 டிகிரியிலேயே கொதிக்கும். பாளையங்கோட்டை வெயிலில் அந்தப் பாட்டிலைப் பனிக்கட்டியில் வைக்காமல் திறந்தால் பாதி காற்றோடு போய்விடும்.

தேர்ந்தெடுக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அல்லைல் ஆல்கஹாலை இந்த நொதி அக்ரோலினாக மாற்றும். அக்ரோலின் செல்லைக் கொல்லும். நொதி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சாவு. இதுவரை 5-எஃப்ஓஏ போலத்தான். கிறிஸ்டோபர் வில்ஸ் 1970களில் ஒரு படி மேலே போனார். மைட்டோகாண்ட்ரியா சுவாசம் இழந்த 'பெட்டிட்' ஈஸ்டை எடுத்துக்கொண்டார். சுவாசம் இல்லாததால் அது நொதித்தலை மட்டுமே நம்பி வாழ்கிறது; ஏடிஹெச் முழுக்கப் போனால் பிழைப்பது கடினம். முழுக்க இருந்தாலோ அல்லைல் ஆல்கஹால் கொன்றுவிடும். இரண்டு பக்கமும் நெருக்கியதில் தப்பியவற்றில், செத்துப்போகாமல் வேக இயல்பு மாறிய நொதிகள் கிடைத்தன. யூஆர்ஏ3-இல் கிடைக்காத அந்த நடுப்படி இங்கே செல்லாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறது.

தற்செயலுக்கு விடாமல் இடத்தைக் குறிவைத்தே மாற்றுவதானால், துத்தநாகத்தைப் பிடித்திருக்கிற 43-ஆம் சிஸ்டீன், 66-ஆம் ஹிஸ்டிடின், 153-ஆம் சிஸ்டீன் ஆகியவற்றைத் தொடாதீர்கள். துத்தநாகம் நழுவினால் புரதமே நிலைகுலையக்கூடும். பிறகு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. துத்தநாகத்துக்கு அருகிலுள்ள 46-ஆம் ஆஸ்பார்டேட்டையும் 67-ஆம் குளூட்டமேட்டையும் (கட்டுரையில் குதிரை நொதியின் எண்படி 49, 68) காஞ்சோர்னும் பிளாப்பும் 1988-லேயே மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் திறன் பெரிதாக விழுந்தது, முன்னதில் கூடுதலாக. அந்த இரண்டோடு இயல்பு நொதியும் வெற்றுப் பிளாஸ்மிடும் (இந்த மரபணு இல்லாத டிஎன்ஏ வளையம்) சேர்ந்தால் நான்கு படி வரிசை தயார். நொதியின் திறனை ஓர் அச்சிலும் கிளிசரால் அளவை மற்றதிலும் வைத்து வரைந்தால், எந்த இடத்தில் செல்லுக்கு உறைக்கத் தொடங்குகிறது என்று தெரியும். இங்கும் எண்ணில் கவனம்: மரபணு 348 அமினோ அமிலங்களுக்கு எழுதப்பட்டது, முதல் மெத்தியோனின் நீங்கியதும் புரதத்தில் 347. இங்கே சொன்ன புரத எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் மரபணுவில் தேட வேண்டும்.

இதில் இடறுகிற இடங்களும் உண்டு. ஈஸ்டில் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் ஒன்று மட்டுமில்லை. ஏடிஹெச்2 குளுக்கோஸ் இருக்கும்வரை அடங்கியிருக்கும். ஏடிஹெச்1 இல்லாத செல்களை நெருக்கினால், ஏடிஹெச்2-வின் முன்பகுதியில் ஒரு தாவும் மரபணு வந்து செருகி அதை நிரந்தரமாகத் திறந்துவிடுவதும் நடக்கும். சில நாள் கழித்துத் திடீரென்று பெரிதாக எழும்புகிற காலனியைக் கண்டு மகிழ வேண்டாம், அது பெரும்பாலும் உங்கள் சடுதிமாற்றத்தின் புண்ணியமாக இருக்காது. புரதம் உண்மையில் செல்லில் இருக்கிறதா என்பதையும் காட்டியாக வேண்டும். ஜெல்லில் கூமாசி சாயம் போட்டுக் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. 37 கிலோடால்டன் பக்கத்தில் வேறு கிளைகாலிசிஸ் நொதிகளும் தடித்த பட்டைகளாக நிற்கும். புரதத்தோடு ஒரு டேக் (அடையாளத் துண்டு) சேர்த்து ஆன்டிபாடியால் பாருங்கள்.

அல்லைல் ஆல்கஹால் விஷயத்தில் சமரசம் கிடையாது. அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். ஒழுங்காக இழுக்கிற ஃபியூம் ஹூட் இல்லாத ஆய்வகத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்துவிடலாம் என்று எந்த மாணவரும் தொடங்கக் கூடாது, எந்த வழிகாட்டியும் அனுமதிக்கக் கூடாது. குறிவைத்து மாற்றுகிற வழிக்கு அது தேவையே இல்லை; ஸ்ட்ரெயினும் மாற்றிய மரபணுவும் வெளியிலிருந்து வந்தால் போதும்.

ஃபியூம் ஹூடும் இல்லை, 340-இல் படிக்கிற கருவியும் இல்லை, மரபணு வாங்கப் பணமும் இல்லை என்றால் இன்வர்டேஸுக்குப் போங்கள். புற ஊதாக் கதிரில் சடுதிமாற்றம் செய்து சலித்தெடுத்தாலே ஒரு தரமான வேலை கிடைக்கும். அப்போது தலைப்பில் 'வளர்சிதை மாற்றம்' என்பதை எடுத்துவிட்டுச் 'சுக்ரோஸ் பயன்பாடு' என்று போடுங்கள். வரிசையைப் படித்துப் பார்க்காமல் 'வினைமையம்' என்றும் எழுதாதீர்கள். புற ஊதாக் கதிர் எங்கே அடித்தது என்று காலனியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த நொதியானாலும் வேலையை டிசம்பரிலேயே தொடங்குங்கள். ஈஸ்டுக்கு 30 டிகிரி வேண்டும்; சாதாரண இன்குபேட்டர் சூடாக்க மட்டுமே செய்யும், குளிர்விக்காது. சித்திரை பிறந்த பிறகு அறையே அதைத் தாண்டிவிடும். துறையில் குளிர்விக்கவும் செய்கிற பிஓடி இன்குபேட்டர் ஒன்றே ஒன்று இருந்தால், அதில் உங்கள் தட்டுக்கு இப்போதே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.